அடுத்த ஸ்டேஷன் சரி சொன்னால்தான் வண்டி கிளம்பும்

என் அப்பா மீட்டர் கேஜ் காலத்து, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை இருந்த காலத்து, ஸ்டேஷன் மாஸ்டர். நான் நாலாவது ஐந்தாவது படித்த வருடங்களில் நாங்கள் இருந்தது மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷன் குவார்ட்டர்ஸில். நைட் டூட்டி வாரங்களில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டேன். அப்பாவின் மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு சிவப்புப் பெட்டிகள் இருந்தன, கிழக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒன்று, மேற்குப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒன்று. அதில் எது எப்போது மணி அடிக்கும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு தட்டு என்றால் பக்கத்து ஸ்டேஷன் கூப்பிடுகிறது. இரண்டு தட்டு என்றால் லைன் கிளியரா, அதாவது பாதை காலியா, என்று கேட்கிறது. அப்பா ஒரு வண்டியை மேற்கே அனுப்ப வேண்டும் என்றால் முதலில் அந்த ஸ்டேஷனை மணியடித்துக் கூப்பிட வேண்டும், போனில் வண்டி நம்பரைச் சொல்ல வேண்டும், அந்த மாஸ்டர் தன் பக்கம் பாதை காலி என்று பார்த்துவிட்டு அங்கே இருக்கும் பெட்டியின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அதற்கப்புறம்தான் அப்பா இங்கே கைப்பிடியைத் திருப்ப முடியும். திருப்பியதும் உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்கும், ஒரு இரும்புப் பந்து வெளியே வந்து விழும். எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிசு, கையில் வாங்கினால் நல்ல கனம், அதன்மேல் இரண்டு ஸ்டேஷன்களின் எழுத்துகளும் வெட்டியிருக்கும். அதுதான் டோக்கன். அந்தப் பெட்டிக்கு நீல்ஸ் பால் டோக்கன் இன்ஸ்ட்ருமெண்ட் என்று பெயர்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்தது இந்தப் பந்துதான். இரண்டு ஸ்டேஷன் பெட்டிகளும் கம்பியில் இணைந்திருக்கும், ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்று விழாது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். எடுத்தால் வேலை போகும், அதைவிடப் பெரியதும் போகும். வண்டி கிளம்பியதும் மூன்று தட்டு. அங்கே போய்ச் சேர்ந்து, கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கை அந்த மாஸ்டர் தன் கண்ணால் பார்த்து, பந்தைத் தன் பெட்டிக்குள் போட்ட பிறகு நான்கு தட்டு. அந்த நான்கு தட்டு கேட்டபிறகுதான் அப்பா டிபன் கேரியரைத் திறப்பார். எத்தனையோ நாள் சாப்பாடு ஆறி அவலாகிப் போயிருக்கிறது.

நிற்காத எக்ஸ்பிரஸ் வரும்போது நடப்பதுதான் பார்க்க வேண்டியது. பந்தைத் தோல்பைக்குள் போட்டு, அந்தப் பையைப் பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, பாதை மாற்றிவிடும் வேலை பார்க்கும் பாயிண்ட்ஸ்மேன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் ஓரத்தில் நிற்பார். ராத்திரி என்றால் இன்னொரு கையில் தீப்பந்தம், இன்ஜினில் வருபவருக்கு வளையம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. தரை அதிரும், வெளிச்சம் வரும், இன்ஜினிலிருந்து ஒரு கை நீண்டு வளையத்துக்குள் நுழையும், அதே நேரத்தில் பின்பக்கத்து ஸ்டேஷனில் வாங்கிய பழைய வளையம் பிளாட்பாரத்தில் வந்து விழுந்து உருளும். மொத்தமும் ஒரு மூச்சு நேரம்தான். அந்த பாயிண்ட்ஸ்மேன் மாமாவின் முழங்கையில் எப்போதும் ஏதாவது ஒரு சிராய்ப்பு இருக்கும்.

நான் ரயில்வே வரலாற்றை ஆர்வமாகப் படிக்க ஆரம்பித்தது அந்தப் பந்தால்தான். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று பட்டது: தண்டவாளம் போட்டு வண்டி விட்டுவிட்டால் அது ரயில்வே ஆகிவிடாது. அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, அது சரி சொல்லி, அதன்பேரில் வண்டி போய்ச் சேர்வதுதான் ரயில்வே. ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் இந்த ஒழுங்கு கச்சிதமாக இருந்த நம் நாட்டில், ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் நடுவே அது சுமார் நூறு வருடம் இல்லாமலே இருந்தது.

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்குப் போன வண்டிதான் முதல் பயணிகள் ரயில் என்று எல்லோரும் படித்திருப்போம். தெற்கே 1856 ஜூலை 1 அன்று மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓட்டியது. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னமும் நிற்கிறது, பார்க்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், அந்தத் தூண்களுக்காகவாவது.

இதையெல்லாம் போட்டது லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனிகள். நிலத்தைச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்தது. அது போதாதென்று, போட்ட முதலுக்கு வருடம் 5 சதவீதம் வருமானம் உறுதி என்றும் எழுதிக் கொடுத்தது. லாபம் குறைந்தால் மீதியை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிடுவார்கள். நட்டமே வராது என்று தெரிந்தவன் ஏன் சிக்கனமாகக் கட்டுவான்? இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த மாஸி என்பவரே 1872ல் சாட்சியம் சொல்லும்போது, 5 சதவீதம் உறுதியாக வந்துகொண்டிருக்கும்வரை தான் கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் செங்கல்லாக மாற்றினாலும் அந்த முதலாளிக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். பஞ்சம் பிடித்த வருடங்களிலும் அந்த 5 சதவீதத்தைக் கட்டியது நம் குடியானவர்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் பாதையின் அகலம். எங்கள் பக்கத்துக் கதையே போதும். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1862க்குள் பாதை போட்டது, அகலப் பாதையாக. 1870ல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், செலவைக் குறைக்க இனிமேல் மீட்டர் கேஜ் என்று முடிவானது. அந்த நாகப்பட்டினம் பாதையையும் பிரித்துக் குறுக்கி மீட்டர் கேஜாக மாற்றினார்கள். நூறு வருடத்துக்கும் மேல் கழித்து அதையே மறுபடி பிரித்து அகலப் பாதை போட்டோம். ஒரே கரை, ஒரே வயல், மூன்று தடவை தண்டவாளம். அகலம் மாறுகிற ஒவ்வொரு ஜங்ஷனிலும் மூட்டை மூட்டையாக இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். நெல்லும் உப்பும் கருவாடும் அப்படித்தான் போயின.

1874ல் அந்த கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. எங்கள் தாத்தா காலத்தவர்கள் எஸ்.ஐ.ஆர். என்பார்கள். 1890ல் பாதையை அரசு விலைக்கு வாங்கிவிட்டது, ஆனால் ஓட்டும் பொறுப்பை மறுபடி ஒரு லண்டன் கம்பெனியிடமே கொடுத்தது. சொத்து இங்கே, சாவி அங்கே. தேசியமயம் என்றால் ஏதோ ஒருநாள் காலையில் கையெழுத்துப் போட்டு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. முதலில் பாதை வந்தது, நிர்வாகம் அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது.

நடுவில் முதல் உலகப் போர். இருந்ததையெல்லாம் போருக்கு ஓட்டித் தேய்த்துவிட்டு, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் விட்டதில் ரயில்வே நொந்துபோய்க் கிடந்தது. 1920ல் வில்லியம் ஆக்வர்த் என்ற பிரிட்டிஷ் ரயில்வே பொருளாதார நிபுணர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் ஒரு உறுப்பினர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி. கமிட்டி பார்த்தது என்ன தெரியுமா, இன்றைய பாரம் தாங்காத பாலங்கள், எப்போதோ மாற்றியிருக்க வேண்டிய தண்டவாளங்கள், ஆயுள் முடிந்தும் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்கள். கம்பெனியே தொடரட்டுமா அரசு நடத்தட்டுமா என்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. ஆக்வர்த்தும் சாஸ்திரியும் அரசே நடத்தட்டும் என்ற பக்கம் நின்றார்கள். ரயில்வேக்குத் தனி பட்ஜெட் வந்தது அந்தக் கமிட்டியின் யோசனையால்தான், 1924ல். அது 2017 வரை தனியாகவே இருந்து, பிறகு பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது. 1925ல் ஈஸ்ட் இந்தியனும் கிரேட் இந்தியன் பெனின்சுலாவும் அரசின் கைக்கு வந்தன. எங்கள் எஸ்.ஐ.ஆர். வந்து சேர்ந்தது 1944 ஏப்ரலில், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயும் அதே சமயத்தில். பிரிட்டன் தன் சொந்த ரயில்வேயைத் தேசியமயமாக்கியதே 1948ல்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே 1990களில் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்து, இப்போது மறுபடி ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்தபோது நாட்டில் 42 தனித்தனி ரயில்வேக்கள் இருந்தன, பாதிக்கு மேல் சமஸ்தானங்களுடையவை. அவற்றைச் சேர்த்து மண்டலங்களாக்கினார்கள். அதில் முதலாவது நம்முடையதுதான். 1951 ஏப்ரல் 14 அன்று எஸ்.ஐ.ஆர்., மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் சமஸ்தான ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே. மூன்று விதக் கணக்கு, மூன்று விதச் சம்பள அடுக்கு, மூன்று விதப் பழக்கம். எல்லாவற்றையும் ஒரே விதிப்புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர்களைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை என்பது என் மனக்குறை. 1955 அக்டோபர் 2ல் பெரம்பூர் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை திறந்தது, சுவிஸ் நுட்பத்தில் இரும்புப் பெட்டி இங்கேயே தயாராக ஆரம்பித்தது. மரப்பெட்டிகள் விபத்தில் நொறுங்கிச் சிதறிய காலத்தில் அது எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விபத்து என்றதும் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது அரியலூர். 1956 நவம்பர் 23 விடியற்காலை, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மருதையாற்றுப் பாலம். வெள்ளம் கரையை அரித்திருந்தது தெரியாமல் வண்டி வந்துவிட்டது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார், அதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மழைக்கால ரோந்து. ஐப்பசி கார்த்திகையில் அடைமழை கொட்டும் ராத்திரியில், தலையில் சாக்குக் கொங்காணியோடு, கையில் விளக்கும் சிவப்புக் கொடியும் பட்டாசும் வைத்துக்கொண்டு தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு கேங்மேன் பாதையிலேயே நடந்து வருவார். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் வருவார். நடுவில் சந்தித்து ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்பி நடப்பார்கள். பாதை அரித்திருந்தால் முன்னால் ஓடிப்போய்த் தண்டவாளத்தின்மேல் பத்து பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசு வைக்க வேண்டும், சக்கரம் ஏறியதும் அது வெடிக்கிற சத்தத்தில் டிரைவர் பிரேக் போடுவார். ஒரு தடவை அப்படி வந்த ஒருவருக்கு அப்பா தன் பிளாஸ்க் டீயை முழுக்க ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கை நடுங்கியதில் பாதி டீ கீழே போனது. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி இருட்டுக்குள் போய்விட்டார்.

அரசு கைக்கு வந்ததும் எல்லாம் நல்லதாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 1928ல் எஸ்.ஐ.ஆர். தொழிலாளர்கள் வேலைநீக்கத்தை எதிர்த்து நிறுத்தம் செய்தபோது கம்பெனிக்காகப் போலீஸ் வந்தது, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1974 மே 8ல் தொடங்கி இருபது நாள் நடந்த நிறுத்தத்தில் முதலாளி நம் சொந்த அரசு, அதுவும் ஆயிரக்கணக்கானவர்களைச் சிறையில்தான் போட்டது. குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியது. அப்பா அதைப்பற்றி அதிகம் பேச மாட்டார். அந்த மே மாதத்தைக் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

ஆனாலும் இது அரசிடம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்குக் காரணம் கணக்கு. ரயில்வேக்கு வருமானத்தில் பெரும்பங்கு சரக்கிலிருந்து வருகிறது, சரக்கில் பாதி நிலக்கரி. 2022-23ல் ஏற்றிய சரக்கு 150 கோடி டன்னைத் தாண்டியது. அந்தப் பணம்தான் பாசஞ்சர் வண்டியில் போகும் பால்காரரையும் கூலி வேலைக்குப் போகும் அம்மாவையும் பள்ளிக்கூடப் பிள்ளையையும் தாங்குகிறது. கொஞ்ச வருடத்துக்கு முன் டிக்கெட்டிலேயே, பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் ரயில்வேக்குக் கிடைக்கிறது என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடத்து வாசலில் உனக்கு இவ்வளவு செலவு என்று எழுதி வைப்போமா? கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பேர் மாற்றி ஓட்டியபோது குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது, 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ஆனது. தினம் போய்வருகிறவருக்கு அந்த 20 ரூபாய் வித்தியாசம் சும்மா இல்லை.

இன்னொரு உதாரணம் சொல்லாமல் விட முடியாது. 1992ல் ஒரே அகலத் திட்டம் வந்தபிறகு மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சில ஊர்களுக்கு அது சீக்கிரம் முடிந்தது. திருவாரூர்–காரைக்குடி பாதை 2012ல் மூடி, 2019ல்தான் முழு நீளத்துக்கும் வண்டி பார்த்தது. பார்த்தாலும் கேட்டுகளில் நிற்க ஆள் போடவில்லை. அதனால் கேட் கீப்பர்கள் வண்டியிலேயே வந்தார்கள். ஒவ்வொரு லெவல் கிராசிங்குக்கும் முன்னால் வண்டி நிற்கும், முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், பின்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். தண்டவாளம் புதிது, இன்ஜின் புதிது, ஆள் மட்டும் இல்லை. அரசு ரயில்வே தன் பொறுப்பைப் பாதியில் விட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த வண்டியில் உட்கார்ந்து வந்த டெல்டா ஜனங்கள் ஒவ்வொரு கேட்டிலும் பார்த்தார்கள். மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை இன்னும் பரிதாபம், 1980களில் மூடியது மூடியதுதான்.

போன தை மாதம் அப்பாவை அந்தப் பழைய ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிவப்புப் பெட்டிகள் இல்லை, அந்த இடத்தில் பட்டன்களும் சின்னச் சின்ன விளக்குகளும் வைத்த பேனல், பாதை முழுக்க அதில் கோடாகத் தெரிகிறது. டூட்டியில் இருந்தவர் கேரளாவிலிருந்து வந்த ஒரு இளம் பெண். அப்பா தான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்று "சார், உட்காருங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். அப்பா உட்காரவில்லை, டூட்டி மாஸ்டர் நாற்காலியில் இன்னொருவர் உட்காரக்கூடாது என்பது அவர் வழக்கம். பந்து ஏதாவது ஞாபகார்த்தமாக வைத்திருக்கிறீர்களா சார் என்று அந்தப் பெண் கேட்டார். "இல்லம்மா, ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. ஒண்ணு குறைஞ்சாலும் ரிஜிஸ்டர்ல பதில் சொல்லணும்" என்றார் அப்பா.

அதற்குள் போன் வந்தது. ஏதோ வண்டிக்குப் பாதை கேட்டார்கள். அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டு, அடுத்து கேட் கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டை மூடச் சொன்னார். மூடியதற்கு அடையாளமாக கேட் கீப்பர் ஒரு பிரைவேட் நம்பர் கொடுக்க வேண்டும். கேட் கீப்பர் தமிழில் சொன்னார், அந்தப் பெண் மலையாளம் கலந்த தமிழில் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதி, எழுதியதை இன்னொரு முறை படித்துக் காட்டினார். அப்பா கதவுப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிக்னல் விழுந்தது. வண்டி நிற்காமல் போனது. இதுதான் கடைசிப் பெட்டி என்று காட்ட அதன் பின்னால் இருந்த எக்ஸ் குறியை அந்தப் பெண் பார்த்தாரா என்று அப்பா எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் நின்றார், கையில் பச்சைக் கொடியோடு.